பழைய காருக்குக் குழாய்நீர் போதுமா?

பெங்களூரில் நீர் உறைவதில்லை. ஆதலால் பழைய அம்பாசிடர் காருக்குக் குழாய்நீரே போதும் என்று நம்மவருள் பலர் கருதுகின்றனர். 1884 ஜனவரியில் பதிவான 7.8 டிகிரியே இந்நகரம் கண்ட கடுங்குளிர் என்பது உண்மையே. ஆயினும், 3,000 அடி உயரத்திலுள்ள இங்கு, திறந்த கலத்தில் நீர் ஏறத்தாழ 97 டிகிரியிலேயே கொதித்துவிடும். ஆன்டிஃப்ரீஸ் எனப்படும் கூலன்ட் அக்கொதிநிலையை உயர்த்துவதோடு துருவையும் தடுக்கும்.

ஆழ்குழாய்க் கிணற்று நீரின் உப்பு ரேடியேட்டரின் குழல்களை அடைக்கும். ஆகவே, பழைய எஞ்சினுக்கு ஏற்ற கூலன்டைக் காய்ச்சி வடித்த நீருடன் சரிபாதி கலந்து ஊற்றுக. இரண்டாண்டுக்கு ஒருமுறை மாற்றுக. பொங்கலுக்கு ஊர் புறப்படுமுன் ரப்பர்க் குழாய்களையும் விசிறி பெல்ட்டையும் சோதித்தல் நலம். எஞ்சின் ஆறுமுன் ரேடியேட்டர் மூடியைத் திறவாதீர். கூலன்டிலுள்ள எத்திலீன் கிளைக்கால் இனிக்கும் நஞ்சு. அதனைக் குழந்தைகளுக்கு எட்டாத இடத்தில் வைத்தல் பெற்றோர் கடமையாகும்.