கைத்திறனுக்குத் தகைமை

தொழிற்பயிற்சி பெற்றோர் பலராயினும் வேலைக்கு ஏற்றவர் சிலரே என்பது நெடுநாளைய முறைப்பாடு. பயிற்சி நிலையங்கள் தத்தம் போக்கிற் பாடம் வகுத்துச் சான்றிதழ் வழங்கின், அதைக் கண்டு ஒருவரின் திறனை வேலைகொள்வோர் அறிவதெங்ஙனம்?

இலங்கையில் இக்குறையை நீக்க, 1990ஆம் ஆண்டின் 20ஆம் இலக்கச் சட்டம் மூன்றாம்நிலை, தொழிற்கல்வி ஆணைக்குழுவுக்கு வழிவகுத்தது. பின்னர் ஏழு மட்டங்கள் கொண்ட தேசிய தொழிற்றகைமை முறை வந்தது. முதல் நான்கு மட்டங்கள் சான்றிதழுக்குரியன. ஐந்தும் ஆறும் டிப்புளோமா. ஏழாவது பட்டத்துக்கு நிகரானது.

ஒருவர் எத்தனை மாதம் வகுப்பில் இருந்தார் என்பதன்று, எதனைச் செய்ய வல்லவர் என்பதே இம்முறையின் வினா. ஆதலின், வேலைத்தலத்திலேயே தொழில் பழகிய மேசனும் தச்சரும் மின்னிணைப்பாளரும் மதிப்பீட்டுக்குத் தோற்றித் தம் திறனுக்கேற்ற தகைமையைப் பெறலாம். முன்பு சான்றிதழின்மையால் தாழ்ந்த கூலி பெற்றவனுக்கு இஃது ஒரு திறவுகோல்.

எனினும் சட்டம் மட்டும் போதாது. பரீட்சையில் தவறியோரின் புகலிடமே தொழிற்கல்வி என்னும் எண்ணம் நம்மிடையே இன்னும் உண்டு. அதனைக் களைதல் கற்றோர் கடன். தொழில் நடத்தும் பழைய மாணவர் தம் பட்டறையில் ஒரு பயிலுநருக்கேனும் இடமளிப்பாராயின், சீர்திருத்தம் ஏட்டிலிருந்து நாட்டிற்கு வரும்.