கதிர்மருத்துவத்தில் இடையீடு

புற்றுநோயைத் தீர்க்கும் முறைகளுள் கதிர்மருத்துவம் ஒன்று. அறுவை ஒரே நாளில் முடிவது. கதிர்மருத்துவமோ வாரக்கணக்கில் நீள்வது. வாய், தொண்டைப் புற்றுகளுக்கு நாளொன்றுக்கு 2 கிரே அளவாக, வாரத்திற்கு ஐந்து நாள், ஏழு வாரங்களில் 70 கிரே தருவது பரவலான வழக்கம். இடையே சில நாள் தவறினால், இறுதியில் சேர்த்துக்கொண்டால் போதாதா எனப் பலரும் எண்ணுவர். போதாது என்பதே ஆய்வாளர் கண்ட முடிவு. அஃது ஏன்?

கதிர், உயிரணுவின் மரபுப்பொருளைச் சிதைக்கிறது. நலமுள்ள அணுக்கள் அச்சிதைவைச் சில மணி நேரத்தில் பெரும்பாலும் செப்பனிட்டுக்கொள்ளும். புற்றணுக்களுக்கு அத்திறன் குறைவு. ஆகவேதான் முழு அளவையும் ஒருங்கே பாய்ச்சாது, நாள்தோறும் சிறிது சிறிதாகத் தருகின்றனர். ஆயினும், எஞ்சிய புற்றணுக்கள் வாளா இருப்பதில்லை. லாலாங் புல்லை மேலே வெட்டிவிட்டுச் சில நாள் விட்டால், மண்ணுள் கிடக்கும் தண்டிலிருந்து அது மீண்டும் தழைப்பதைத் தோட்டப்புறத்தார் அறிவர். புற்றும் அத்தகையதே. தலை, கழுத்துப் புற்றுகளை ஆராய்ந்த விதர்ஸ் குழுவினர், ஏறத்தாழ நான்கு வாரங்களுக்குப் பின் அவ்வணுக்கள் விரைந்து பெருகுவதையும், அதனை ஈடுசெய்ய நாளொன்றுக்குச் சுமார் 0.6 கிரே செலவாவதையும் 1988இல் எடுத்துரைத்தனர். அக்கணக்கின்படி, அதன்பின் ஒரு வாரம் நின்றால், இரண்டு நாள் மருத்துவம் வீணாகும்.

டென்மார்க்கு நாட்டு ஆய்வொன்று 2003இல் இதனை உறுதி செய்தது. ஒரே அளவுக் கதிரை வாரம் ஐந்து முறை பெற்றோருள் 60 விழுக்காட்டினர்க்கும், ஆறு முறை பெற்று ஒரு வாரம் முன்னதாக முடித்தோருள் 70 விழுக்காட்டினர்க்கும் ஐந்தாண்டு அளவில் நோய் தோன்றிய இடத்தில் அடங்கியிருந்தது.

எல்லாப் புற்றும் இவ்வாறு விரைவன அல்ல. எனினும், கருப்பைவாய்ப் புற்றுக்கும் எட்டு வாரத்திற்குள் மருத்துவத்தை முடித்தல் வேண்டும் என்பர்.

மலேசிய இந்தியரிடையே வாய்ப்புற்று மிகுதி. வெற்றிலையோடு புகையிலை மெல்லுதல் அதற்கு முதன்மைக் காரணம். ஆதலின் இச்செய்தி நமக்கு நெருக்கமானது. பினாங்கில் 1976இல் தோன்றிய மவுண்ட் மிரியம் மருத்துவமனை போன்றவற்றிற்குப் பெருநிலத்திலிருந்து வருவோர், வார நாள்தோறும் கடலைக் கடந்து வந்தாக வேண்டும். மூன்றாம், நான்காம் வாரங்களில் வாய் புண்ணாகி உணவு இறங்காது. கட்டியும் சுருங்கத் தொடங்கியிருக்கும். 'சற்று ஓய்ந்து தொடரலாம்' என்ற எண்ணம் எழுவது அப்போதுதான். புற்று விரையத் தொடங்குவதும் அப்போதே!

நாள் தவற நேர்ந்தால் உடனே மருத்துவரிடம் தெரிவித்தல் வேண்டும். சனிக்கிழமையில் தந்தோ, ஒரே நாளில் ஆறு மணி நேரமேனும் இடைவிட்டு இருமுறை தந்தோ அவர் ஈடுசெய்யக்கூடும். புண்ணின் வலிக்கும் மருந்துண்டு.

நோயாளி, மருத்துவர், மருந்து ஆகிய மூன்றோடு உடனிருந்து உதவுபவரையும் சேர்த்தே மருத்துவத்தை நாற்கூறாக வகுத்தார் வள்ளுவர். ஏழு வாரமும் வண்டியோட்டி வரும் மகனும், கஞ்சி காய்ச்சித் தரும் மகளும் அந்நான்காம் கூறாவர்.