கொழுந்தும் குருதியும்: விற்றமின் 'சி' பற்றிய ஒரு குறிப்பு

ஊட்டச்சத்தினை இரசாயனப் பிரச்சினையாக மட்டும் நோக்கும் போக்கு நம்மிடையே வேரூன்றியுள்ளது. மலையகத் தோட்டப் பெண்களின் குருதிச்சோகையை முன்வைத்து விற்றமின் 'சி'யின் தொழிற்பாட்டினை ஆராயும்போது இந்நோக்கின் போதாமை புலனாகும்.

ஹங்கேரிய விஞ்ஞானி சென்ற் ஜியோர்ஜி 1928இல் இச்சேர்மத்தைப் பிரித்தெடுத்தார். அதுவே விற்றமின் 'சி' என்பது 1932இல் நிறுவப்பட்டது. பெரும்பாலான பாலூட்டிகள் இதனைத் தம்முடலிலேயே ஆக்கிக்கொள்கின்றன. மனிதரோ உணவிலிருந்தே பெறவேண்டும். இலத்திரன்களை வழங்குதல் இதன் அடிப்படைப் பண்பு. இப்பண்பினால், சில நொதியங்களிலுள்ள இரும்பினை இயங்கத்தக்க நிலையில் இது பேணுகின்றது. தோலுக்கும் எலும்புக்கும் குருதிக்குழாய்களுக்கும் உறுதியளிக்கும் கொலாஜன் என்னும் புரதம் அவ்வாறே முழுமை பெறுகின்றது. கல ஆராய்ச்சியிலும் இப்பண்பு பயன்பட்டுள்ளது. முதிர்ந்த உடற்கலங்களை எக்கலமாகவும் மாறவல்ல முதனிலைக்கு மீட்பதில் விற்றமின் 'சி' துணைபுரிவதைச் சீன ஆய்வாளர் 2010இல் வெளியிட்டனர். பரம்பரையலகுகளின்மேற் பதிந்த இரசாயன அடையாளங்களை நீக்கும், இரும்பு கொண்ட நொதியங்களை அது ஊக்குவிப்பது 2013இல் காட்டப்பட்டது.

குடலிலும் இதனை ஒத்ததே நிகழ்கின்றது. தானியத்திலும் கீரையிலும் உள்ள இரும்பினை உடல் உறிஞ்சத்தக்க வடிவுக்கு விற்றமின் 'சி' மாற்றுகின்றது. உணவோடு அருந்தும் தேநீரின் பொலிபீனோல்களோ அவ்விரும்பினைப் பிணித்து உறிஞ்சலைத் தடுக்கின்றன. பச்சைக் கொழுந்தில் விற்றமின் 'சி' உண்டு. ஒட்சியேற்றமும் உலர்த்தலும் முடிந்த கறுப்புத் தேயிலையில் அது ஏறத்தாழ எஞ்சுவதில்லை. ஹட்டன், நுவரெலியா லயங்களில் கோதுமை மா ரொட்டியும் சாயத் தேநீரும் அன்றாட உணவாயிருப்பதன் விளைவினை இங்கு உய்த்துணரலாம்.

இலங்கைத் தேயிலைத் தோட்டப் பெண்களின் குருதிச்சோகை பற்றிய ஆய்வொன்று 1979இல் பிரித்தானிய மருத்துவ சஞ்சிகையில் வெளியாயிற்று. இரும்புச்சத்து பெற்று ஹீமோகுளோபின் உயர்ந்த பெண்கள் ஒரு மாதத்தில் முன்னிலும் அதிகமாகக் கொழுந்து பறித்தனர் என்பது அதன் முடிவுகளுள் ஒன்று. ஆய்வு பெறுமதியானது, அதன் அளவுகோல் சிந்தனைக்குரியது. பெண்ணின் குருதிநலம் கொழுந்தின் நிறையாக அளக்கப்பட்டது. மேலதிகக் கொழுந்தின் பயன் எவரைச் சேர்ந்தது என்னும் வினாவுக்கு அவ்வளவுகோலில் விடையில்லை.

உணவுக்குப் பின் சற்றுத் தாமதித்துத் தேநீர் அருந்துக; கொய்யாவோ தேசிக்காயோ உணவோடு சேர்த்துக்கொள்க எனல் பயனுள்ள அறிவுரையே. ஆனால் தாமதிக்க ஓய்வும், மரம் நட நிலமும், பழம் வாங்கக் கூலியும் வேண்டும். நாட்சம்பளம் 1000 ரூபா என்னும் கோரிக்கை நீண்ட போராட்டத்தின் பின் 2021இலேயே வர்த்தமானியில் இடம்பெற்றது. விற்றமினின் தொழிற்பாட்டினை உயிரியல் விளக்குகின்றது. அது உழைப்போரின் தட்டினை எட்டாமைக்கான காரணத்தை உற்பத்தி உறவுகளிலேயே தேடவேண்டும்.