மலையூர்க் களஞ்சியம்

ஐரோப்பாக் கண்டத்தின் நடுவே ஆல்ப்ஸ் மலைத்தொடர் வானளாவி நிற்கின்றது. அதன்கண், சுவிட்சர்லாந்து நாட்டின் வாலே மாநிலத்தில், ஏறத்தாழ 1,600 மீட்டர் உயரத்தில் அமைந்த ஊர் செர்மாட். 4,478 மீட்டர் உயரமுள்ள மாட்டர்ஹார்ன் சிகரம் அவ்வூருக்குக் காவல் நிற்பதுபோல் தோன்றும். பெட்ரோலால் இயங்கும் கார்கள் ஊருக்குள் வர இசைவில்லை. ஆதலின், சிறுவரை அழைத்துச் செல்வோர் இரயிலில் சென்று இறங்கி, நடந்தே ஊரைக் காண்பர். கோடையில் கருங்கழுத்து வெள்ளாடுகள் தெருவழியே மந்தையாய்ச் செல்வதும் சிறுவர்க்கு இனிய காட்சியாகும்.

ஊரின் பழைய பகுதியில், 16 முதல் 18ஆம் நூற்றாண்டு வரை கட்டப்பெற்ற மரக்கட்டடங்கள் இன்றும் உள்ளன. அவற்றின் சுவர்கள் லார்ச் மரத்தாலானவை. நெடுங்காலம் வெயிலில் காய்ந்து கறுத்தவை. கூரைகளோ கற்பலகைகளால் வேயப்பட்டவை.

அவற்றுள் தானியக் களஞ்சியங்களின் அமைப்பே சிறுவரைப் பெரிதும் வியப்பில் ஆழ்த்தும். களஞ்சியம் குட்டையான மரக்கால்களின்மேல் நிற்கும். ஒவ்வொரு காலின் உச்சியிலும் திரிகைக்கல் போன்ற வட்டக்கல் ஒன்று கிடக்கும். இக்கல் எதற்கு? காலைப் பற்றி ஏறும் எலி, கல்லின் அடிப்புறத்தில் தலைகீழாய்த் தொங்கி அதன் விளிம்பைக் கடத்தல் இயலாது. வந்த வழியே திரும்பிவிடும்.

அங்கே கோடை குறுகியது; பனிக்காலம் நீண்டது. சரிவான சிறு வயல்களில் விளைந்த ரை என்னும் தானியத்தைக்கொண்டே அக்கால மக்கள் ஆண்டைக் கழிக்க வேண்டியிருந்தது. வாலே மலையூர்களில் ஆண்டிற்கு இரண்டு மூன்று முறையே பொது அடுப்பில் ரொட்டி சுட்டு, பல திங்கள் வைத்திருந்து உண்டனர். களஞ்சியத்தில் எலி புகுந்தால், பனி மூடிய நாள்களில் குழந்தைகள் பசித்திருக்க நேரும். ஆதலின் அவ்வட்டக்கல் வெறும் கல்லன்று; குடும்பத்தின் உயிர்காத்த கல்லாகும். உணவை விளைவித்தல் எத்துணை அரிதோ, விளைந்ததைக் காத்தலும் அத்துணை அரிது என்பதை அக்களஞ்சியங்கள் காண்போர்க்கு உணர்த்துகின்றன.