பார்டர் பரோட்டாவின் அடுப்படிக்குள்ளே

தலையைக் குனிஞ்சு வாங்க, பின்வாசல் தாழ்வு. தரையெல்லாம் எண்ணெய்ப் பிசுக்கு, சுவரைப் பிடிச்சுக்கோங்க. பிரானூர் பார்டர் பரோட்டாக் கடைகளின் முன்பக்கம் நமக்கெல்லாம் மனப்பாடம். குற்றாலத்தில் குளித்துவிட்டு ஈரத்தலையோடு வந்து இலைக்கு முன்னால் உட்காராதவர் யார்? ரஹ்மத் கடையின் பேர் கடல் தாண்டிப் போய்விட்டது. அந்த வட்டாரத்திலேயே குடும்பமாக நடத்தும் சின்னக் கடை ஒன்று இது. பேரைப் போடக் கூடாது என்பது மட்டும்தான் நிபந்தனை. “உள்ள வாங்கக்கா” என்று கூப்பிட்டேவிட்டார்கள்!

மத்தியானம் மூன்று மணி. வெளியே சாரல் தூறுகிறது, உள்ளே கடைக்கார அண்ணாச்சிக்கு நெற்றியிலிருந்து வேர்வை வழிகிறது. முழங்கை வரை மாவு. மைதாவில் உப்பும் எண்ணெயும் தண்ணீரும் விட்டு, குத்தி, மடித்து, திருப்பிப் போட்டு மறுபடி குத்துகிறார். “அவுகளுக்குக் கோவம் வந்த அன்னைக்குப் பரோட்டா இன்னும் மெதுவா இருக்கும்” என்று மதினி மசாலா அரைத்தபடியே சொல்ல, அண்ணாச்சி சிரிப்பை அடக்கிக்கொண்டு இன்னும் ரெண்டு குத்து விடுகிறார். அப்புறம் ஈரத்துணியைப் போர்த்தி மாவைத் தூங்க வைக்கிறார்கள். அந்த நேரத்தில் யாரும் பக்கத்தில் போகக் கூடாது!

எங்கே பார்த்தாலும் சாமான். ஆணியில் தொங்கும் சட்டை, மாவு படாமலிருக்கக் கவருக்குள் கட்டிவைத்த செல்போன், மர மில் ஆட்களின் பற்றுக்கணக்கு எழுதிய நாட்காட்டி. மூலையில் மகள் கணக்கு நோட்டை மடியில் வைத்துக்கொண்டு சின்ன வெங்காயம் உரிக்கிறாள். விடை தப்பாகும்போதெல்லாம் வெங்காயத்தின் மேல் பழிபோட்டுக் கண்ணைத் துடைத்துக்கொள்கிறாள்.

சால்னா கொதிக்க ஆரம்பித்ததும் நான் வேலையை மறந்தேன். அரைத்த தேங்காய், சோம்பு, கசகசா, பட்டை, அதற்குள் நாட்டுக்கோழியின் எலும்புச் சாறு. மதினி ஒரு சொட்டை உள்ளங்கையில் விட்டு நக்கிப் பார்த்தார். உப்புக்கு அளவே கிடையாது, அந்தக் கைதான் அளவு.

மாலையில் செல்போன் அலறியது. குற்றாலத்திலிருந்து ஆட்டோக்காரத் தம்பி. “மெயின் அருவியில ஆர்ச்சைத் தாண்டித் தண்ணி விழுது, குளிக்க விடல!” நமக்கு அது வருத்தமான சேதி. இங்கே அடுப்படியே துள்ளி எழுந்தது. குளிக்க முடியாத கூட்டம் இனி ஐந்தருவிக்குப் போகும், அங்கேயும் தடை என்றால் நேரே சாப்பிடத்தான் வரும். “ஏல, கல்லைப் போடு! காடைய எறக்கு!” அருவியில் விழும் தண்ணீரை வைத்து அடுப்பின் வேகத்தைக் கூட்டிக் குறைக்கிறார்கள், எனக்கு அப்படியே சிலிர்த்துவிட்டது.

இப்போது மாஸ்டரைப் பாருங்கள்! அண்ணாச்சியின் மச்சினன்தான். எண்ணெயில் ஊறிய உருண்டையைத் தட்டி, தூக்கி வீசுகிறார். காற்றில் அது பட்டுத்துணி போல விரிகிறது. மடித்துச் சுருட்டி, உள்ளங்கையால் அமுக்கிக் கல்லில் போடுகிறார். சிவந்ததும் ஏழெட்டை அடுக்கி, ரெண்டு கையாலும் பக்கவாட்டில் பட் பட்டென்று அடிக்க, அடுக்கெல்லாம் பிரிந்து ஆவி பறக்கிறது. “கை சுடலியா?” என்றேன். “மொதல்ல சுட்டுச்சு. இப்ப அதுக்குத் தெரிஞ்சுபோச்சு” என்றார். விரல் நுனியெல்லாம் காய்ப்பு.

கல்லாவில் பெரியவர். காசு வாங்காத நேரத்தில் வாழையிலை நறுக்குகிறார். இந்த இடத்துக்குப் பார்டர் என்று பேர் வந்ததற்கும் ஒரு கதை உண்டு. 1956 நவம்பர் 1 அன்றுதான் செங்கோட்டை திருவிதாங்கூர்-கொச்சியிலிருந்து சென்னை மாநிலத்துக்கு வந்தது. அதுவரை எல்லை இங்கேதான் இருந்தது. இப்போது அது மேற்கே மலைக்குப் போய்விட்டது, ஆனால் பார்டர் என்ற பேரும் கொல்லம் போகும் லாரிகளும் இங்கேயே நிற்கின்றன. ஒரு லாரிக்காரர் மலையாளத்தில் சால்னா கேட்க, பெரியவர் மலையாளத்திலேயே பதில் சொல்லி, திரும்பி நெல்லைத் தமிழில் பேரனை ஏசுகிறார்!

பதினொரு மணிக்குக் குடும்பம் உட்கார்ந்தது. தட்டில் சோறும் ரசமும். “நாள் முழுக்க அதையே மோந்துட்டு, அதைத் திங்கவா முடியும்?” என்றார் மதினி. ரெண்டு வாய்கூட இறங்கியிருக்காது, வாசலில் வேன் ஒன்று வந்து நின்றது. நனைந்த துண்டுகளோடு பிள்ளைகளும் ஆச்சிகளுமாக இறங்கி, “அண்ணாச்சி, இருக்கா?” என்கிறார்கள். மாஸ்டர் கையைக் கழுவிக்கொண்டு எழுந்துவிட்டார். பெரியவர் கல்லாவிலிருந்து குரல் கொடுக்கிறார்: “கல்லு சூடாத்தானல இருக்கு, உக்காரச் சொல்லு. முட்டை எத்தனைன்னு கேளு!”