ஓடுபாதைக்கும் ஓடைக்கும் நடந்த வழக்கு



விமானம் ஆகாயத்தில் பறப்பது. அது இறங்குவதற்கு ஒரு பாதை போடுவதற்குத் தண்ணீர்க் கணக்குப் பார்க்கும் அதிகாரியிடம் ஏன் சான்றிதழ் வாங்க வேண்டும்? இந்தக் கேள்வியை வைத்துக்கொண்டு அமெரிக்காவின் வாஷிங்டன் மாநிலத்தில் பல ஆண்டுகள் வழக்கு நடந்தது. அந்த வழக்கைப் பற்றித்தான் இன்று பேசப் போகிறோம். தூரத்து ஊரின் கதை என்று வானொலியை அணைத்துவிடாதீர்கள். ஆற்றோரத்தில் குடியிருப்பவர்களுக்கு இதில் தெரிந்துகொள்ள வேண்டியது நிறைய உண்டு.

சியாட்டல், டாக்கோமா என்ற இரு நகரங்களுக்கும் பொதுவான விமான நிலையம் ஒன்று இருக்கிறது. அங்கே அப்போது இரண்டு ஓடுபாதைகள் இருந்தன. இரண்டுக்கும் இடையே 800 அடிதான் இடைவெளி. வானம் தெளிவாக இருந்தால் இரண்டிலும் அடுத்தடுத்து விமானங்களை இறக்கலாம். மேகம் தாழ்ந்துவிட்டால் அது ஆபத்து. ஒரே வரிசையில்தான் இறக்க முடியும். சியாட்டலிலோ மேகம் தாழாத மாதம் குறைவு. ஆகவே முதல் பாதையிலிருந்து 2,500 அடி மேற்கே தள்ளி, 8,500 அடி நீளத்தில் மூன்றாவது பாதை ஒன்று வேண்டும் என்று விமான நிலையத்தை நடத்தும் துறைமுக நிர்வாகம் 1996இல் முடிவு செய்தது.

இடம்தான் தொல்லை. மேற்குப் பக்கம் நிலம் சரிந்து பள்ளத்தாக்காக இறங்குகிறது. பாதை சமமாக இருக்க வேண்டுமானால் பள்ளத்தை மண் கொட்டி மேடாக்க வேண்டும். தேவைப்பட்ட மண் ஒரு கோடி கன யார்டுக்கும் மேல். அந்தப் பள்ளத்தில் சதுப்பு நிலங்கள் இருந்தன. ஏறக்குறைய 18 ஏக்கர் சதுப்பு மண்ணுக்குள் போகும் என்று கணக்கிட்டார்கள். மில்லர் ஓடை, வாக்கர் ஓடை, டெமாயின்ஸ் ஓடை என்ற மூன்று சிற்றோடைகள் அந்த வட்டாரத்தில் ஊறி, சில மைல் ஓடி, பியூஜெட் சவுண்ட் என்னும் கடல்நீர்ப் பரப்பில் கலக்கின்றன. மில்லர் ஓடையின் ஒரு பகுதியையே இடம் மாற்ற வேண்டியிருந்தது.

இப்போது சட்டத்துக்கு வருவோம். அமெரிக்காவில் தூய நீர்ச் சட்டம் 1972இல் வந்தது. சதுப்பு நிலத்தில் மண் கொட்ட வேண்டுமானால் தரைப்படையின் பொறியியல் பிரிவு அனுமதி கொடுக்க வேண்டும் என்று அதன் 404ஆம் பிரிவு சொல்கிறது. படைக்கும் சதுப்புக்கும் என்ன உறவு என்று கேட்பீர்கள். படகு போகும் நீர்வழிகளை அவர்கள்தான் பல காலமாகப் பார்த்து வந்தார்கள். அந்த வழக்கம் அப்படியே தொடர்கிறது. ஆனால் அதே சட்டத்தின் 401ஆம் பிரிவு இன்னொரு வாசலையும் வைத்தது. மத்திய அரசு அனுமதி கொடுக்குமுன், அந்தந்த மாநிலம், 'இந்த வேலையால் எங்கள் நீரின் தரம் கெடாது என்பதற்கு நியாயமான உறுதி இருக்கிறது' என்று சான்றளிக்க வேண்டும். மாநிலம் மறுத்தால் மத்திய அனுமதி கிடையாது.

'நியாயமான உறுதி' என்ற இரண்டு சொற்களைப் பிடித்துக்கொண்டுதான் வழக்கு முழுவதும் நடந்தது.

எதிர்த்தவர்கள் யார்? விமான நிலையத்தைச் சுற்றியிருந்த சிறிய நகரங்கள். பியூரியன், டெமாயின்ஸ், நார்மண்டி பார்க், ஃபெடரல் வே, துக்வில்லா ஆகிய ஊர்களும் ஹைலைன் பள்ளி வட்டாரமும் கூட்டணி அமைத்தன. உண்மையைச் சொன்னால், இந்த ஊர்க்காரர்களை முதலில் கிளப்பியது விமானத்தின் இரைச்சல். பாடம் நடத்துகிறவன் என்ற முறையில் அந்தப் பள்ளிகளின் பாடு எனக்குப் புரிகிறது. தலைக்கு மேல் விமானம் போகும்போதெல்லாம் வாக்கியத்தைப் பாதியில் நிறுத்தினால், பிள்ளைக்கு என்ன மனத்தில் பதியும்? இரைச்சலுக்கு எதிரான சண்டைக்குத் தண்ணீரை ஆயுதமாக எடுத்தார்கள் என்று சிலர் குறை சொன்னார்கள். ஓரளவு அது உண்மையாக இருக்கலாம். ஆனால் எடுத்த ஆயுதம் மரக்கத்தி அல்ல. தண்ணீரைப் பற்றி அவர்கள் கேட்ட கேள்விகள் நியாயமான கேள்விகள்.

முதல் கேள்வி கொட்டப்படும் மண்ணைப் பற்றியது. ஒரு கோடி கன யார்டு மண்ணை ஒரே இடத்தில் வெட்டிக்கொண்டு வர முடியாது. பல இடத்து மண் வரும். அதில் எண்ணெய் சிந்திய மண், உலோகம் கலந்த மண் இருந்தால்? வீட்டில் வடிகட்டியில் காப்பித் தூளைப் போட்டு வெந்நீர் ஊற்றுகிறோம். தூள் மேலே நிற்கிறது. சாரம் கீழே இறங்குகிறது. மண்மேடும் அப்படித்தான். மழை அதற்குள் இறங்கி, அடியில் கசிந்து, சதுப்புக்கும் ஓடைக்கும் போகும். மண்ணில் எவ்வளவு நஞ்சு இருக்கிறது என்று அளப்பதா? மழையைப் போன்ற நீரை அதில் விட்டு எவ்வளவு கரைந்து வருகிறது என்று அளப்பதா? இரண்டும் ஒரே விடையைத் தருவதில்லை. எந்தச் சோதனையை நம்புவது என்பதே பெரிய விவாதமாயிற்று.

இரண்டாவது கேள்வி நீரின் அளவைப் பற்றியது. நம் நாட்டில் ஏறக்குறைய எல்லா மாதமும் மழை உண்டு. சியாட்டலில் குளிர்காலத்தில் மழை, கோடையில் வறட்சி. கோடையில் ஓடை வற்றாமல் ஓடுவதற்குக் காரணம், குளிர்காலத்து மழையை மண் குடித்து வைத்துக்கொண்டு மெல்ல மெல்ல விடுவதுதான். அந்த மண்ணின் மேல் கற்காரை போட்டுவிட்டால் மழைநீர் ஒரே ஓட்டமாக ஓடிவிடும். குளிர்காலத்தில் வெள்ளம், கோடையில் வெறும் கல். குளிர்காலத்து நீரைத் தொட்டிகளில் தேக்கிக் கோடையில் விடுகிறோம் என்று துறைமுக நிர்வாகம் திட்டம் சொன்னது. இயற்கை செய்த வேலையைத் தொட்டியும் குழாயும் செய்ய முடியுமா என்பது எதிர்த்தரப்பின் சந்தேகம்.

நீரின் அளவு குறைவதற்கும் நீரின் தரத்துக்கும் என்ன தொடர்பு என்று கேட்கலாம். இதற்கு விடை ஏற்கெனவே கிடைத்திருந்தது. அதே மாநிலத்தில் டோசிவாலிப்ஸ் ஆற்றில் நீர்மின் திட்டம் ஒன்று வந்தபோது, ஆற்றில் குறைந்த அளவு நீராவது விட வேண்டும் என்று மாநிலம் நிபந்தனை போட்டது. வழக்கு அமெரிக்க உச்சநீதிமன்றம் வரை போயிற்று. 1994இல் நீதிபதிகளில் ஏழு பேர் மாநிலத்தின் பக்கம் நின்றார்கள், இருவர் மறுத்தார்கள். நீரே இல்லாத ஆற்றில் தரம் எங்கிருந்து வரும் என்பதுதான் அந்தத் தீர்ப்பின் சாரம்.

மூன்றாவது கேள்வி மழையோடு வழிந்து வரும் அழுக்கு. பனி உறையும் நாளில் விமானத்தின் இறக்கையில் கிளைக்கால் என்ற திரவத்தைத் தெளிப்பார்கள். அது நேரடி நஞ்சு என்பதைவிட, நீரிலுள்ள உயிர்வளியைத் தின்றுவிடும் என்பதே கவலை. செம்பனை ஆலைக் கழிவு ஆற்றில் விழுந்து மீன்கள் வாய் பிளந்து மிதந்ததைப் பெரியவர்கள் பார்த்திருப்பீர்கள். அங்கும் காரணம் இதுதான். பிறகு செம்பும் துத்தநாகமும். தடுப்புக் கட்டைத் தேய்மானம், தகரக் கூரை ஆகியவற்றிலிருந்து இவை வருகின்றன. அந்த ஓடைகளுக்கு சால்மன் மீன் வருகிறது. கடலுக்குப் போய் வளர்ந்து, பிறந்த ஓடையை வாசனையால் கண்டுபிடித்துத் திரும்பி வந்து முட்டையிடும் மீன் அது. கொஞ்சம் செம்பு நீரில் கலந்தாலே அதன் முகரும் சக்தி மங்கிவிடுகிறது.

வாஷிங்டன் மாநிலச் சுற்றுச்சூழல் துறை 2001 ஆகஸ்டில் சான்றிதழ் கொடுத்தது. கூட்டணி மேல்முறையீடு செய்தது. மாசுக் கட்டுப்பாட்டு விசாரணை வாரியம் நிபுணர்களின் சாட்சியத்தைக் கேட்டு, 2002 ஆகஸ்டில் தீர்ப்புச் சொன்னது. சான்றிதழ் செல்லும், ஆனால் 16 நிபந்தனைகள் கூடுதலாகச் சேர வேண்டும் என்றது.

இங்கேதான் எனக்கு மிகவும் உறுத்துகிற இடம் வருகிறது. மாநிலம் தன் முடிவை ஓராண்டுக்குள் சொல்லிவிட வேண்டும் என்று 401ஆம் பிரிவே கெடு வைத்திருக்கிறது. வாரியம் விசாரித்து முடிப்பதற்குள் அந்தக் கெடு தாண்டிவிட்டது. காலம் கடந்து வந்த நிபந்தனைகள் எங்களைக் கட்டுப்படுத்தா என்று பொறியியல் பிரிவு சொல்லி, அவற்றுள் சிலவற்றைச் சேர்க்காமலேயே அனுமதி கொடுத்தது. கூட்டணி மத்திய நீதிமன்றத்துக்குப் போயிற்று. 2003இல் அந்த நீதிமன்றமும் பொறியியல் பிரிவு சொன்னதே சரி என்றது. விசாரணை பொறுமையாக நடந்ததே விசாரித்தவர்களுக்குப் பாதகமாயிற்று. விண்ணப்பக்காரர் கதவருகே நாள்கணக்கில் காத்துக் கிடக்கக் கூடாது என்பதற்காக வைத்த கெடு இது. அந்த நோக்கத்தை நான் குறை சொல்லவில்லை. ஆனால் மேல்முறையீடு செய்யும் ஏழை ஊருக்கும் அதே கடிகாரம் ஓடுகிறதே!

மாநில உச்சநீதிமன்றம் 2004இல் சான்றிதழை நிலைநிறுத்தியது. வாரியத்தின் நிபந்தனைகளில் சிலவற்றை ஏற்றது, சிலவற்றை நீக்கியது. நியாயமான உறுதி என்றால் நூற்றுக்கு நூறு நிச்சயம் அல்ல, வெறும் ஊகமும் போதாது என்ற நிலையில் விஷயம் நின்றது. சண்டை முடிந்தது. நூறு கோடி டாலருக்கும் மேல் செலவாகி, 2008 நவம்பர் 20ஆம் நாள் மூன்றாவது பாதை திறக்கப்பட்டது.

அழிந்த சதுப்புக்கு ஈடாகப் பெரும்பகுதிச் சதுப்பை ஆபர்ன் என்ற ஊரில், வேறோர் ஆற்றின் படுகையில் உண்டாக்கினார்கள். விமான நிலையத்துக்கு அருகே நீர்நிலை அமைத்தால் பறவைகள் கூடும், அவை இயந்திரத்தில் மோதும் என்பது காரணம். காரணம் சரிதான். ஆனால் மில்லர் ஓடை இழந்ததை மில்லர் ஓடைக்கே முழுதாகத் திருப்பிக் கொடுக்க முடியவில்லை.

பால் மரம் வெட்டிய குடும்பங்கள் கவனிக்க வேண்டிய செய்தி ஒன்றும் உண்டு. சியாட்டல் வட்டார நகர ஓடைகளில் முட்டையிட வந்த கோஹோ சால்மன்கள் மழை பெய்த சில மணி நேரத்தில் செத்து மிதந்தன. காரணம் பல ஆண்டுகள் பிடிபடவில்லை. 2020இல்தான் அறிவியலார் கண்டுபிடித்தார்கள். டயரில் விரிசல் விழாமல் இருக்கத் தொழிற்சாலையில் சேர்க்கும் ஒரு பொருள், சாலையில் தேய்ந்த தூளிலிருந்து காற்றுபட்டு நஞ்சாக மாறுகிறது. மங்கில் வழிந்த நம் பாலில் அந்த நஞ்சு கிடையாது, டயர் செய்யும்போது சேர்ப்பது அது. 2001இல் சான்றிதழ் எழுதிய எவருக்கும் இந்தப் பெயரே தெரியாது. தெரியாத ஒன்றுக்கு அளவு எழுத முடியாதல்லவா?

நம் நாட்டிலும் இப்படி எண் எழுதிய அனுபவம் உண்டு. 1974இல் சுற்றுச்சூழல் தரச் சட்டம் வந்தது. 1977இல் செம்பனை ஆலைகளுக்கான விதிகள் வந்தன. கழிவுநீரின் உயிர்வளித் தேவை 1978இல் லிட்டருக்கு 5,000 மில்லிகிராமைத் தாண்டக் கூடாது என்றார்கள். படிப்படியாக இறக்கிக்கொண்டே போய் 1984இல் 100 ஆக்கினார்கள். விமான நிலையத்தையும் விடவில்லை. 2,500 மீட்டர் அல்லது அதற்கு மேல் நீளமுள்ள ஓடுபாதையோடு விமான நிலையம் கட்டுமுன் சுற்றுச்சூழல் பாதிப்பு மதிப்பீடு வேண்டும் என்று 1987ஆம் ஆண்டு ஆணை சொன்னது. சியாட்டல் பாதையை மீட்டரில் அளந்தால் ஏறக்குறைய 2,590. அந்த ஆணை வந்திருந்தால் அதுவும் இதில் மாட்டியிருக்கும்.

விரிவான மதிப்பீட்டு அறிக்கையைப் பொதுமக்கள் பார்வைக்கு வைப்பது நம் நாட்டு வழக்கம். குறித்த நாளுக்குள் எவரும் எழுத்தில் கருத்துச் சொல்லலாம். தடித்த புத்தகம் என்று பயப்பட வேண்டாம். வீட்டில் படிக்கும் பிள்ளையை உட்காரவைத்து நீர் பற்றிய அத்தியாயத்தை மட்டும் வாசிக்கச் சொல்லுங்கள். எழுதும்போது, 'எங்களுக்குப் பிடிக்கவில்லை' என்று மட்டும் எழுதாதீர்கள். எந்த ஓடை, அது எந்த மாதத்தில் மெலிகிறது, யார் அதில் குளிக்கிறார்கள், எந்தத் தோட்டம் அதிலிருந்து நீர் எடுக்கிறது, வெள்ளம் எந்த லயத்துப் படிவரை வந்தது, எந்த ஆண்டில் என்று எழுதுங்கள்.