கருந்தாளில் விரிந்த நகரம்

வெள்ளைத்தாளில் தூரிகை படுந்தோறும், அத்தாள் நம் கண்ணுக்குத் திருப்பியனுப்பும் ஒளியில் ஒரு பங்கு குறைகிறது. கருந்தாளில் நிகழ்வது இதற்கு நேர்மாறு. தூரிகை பட்ட இடத்தில் ஒளி பிறக்கிறது. படாத இடம் இரவாகவே நிற்கிறது. 1992 செப்டம்பரில் அமெரிக்கத் தொலைக்காட்சியில் தொடங்கிய ‘பேட்மேன்: தி அனிமேட்டட் சீரிஸ்’ என்னும் இயங்குபடத் தொடரின் தனியழகு இந்த எளிய இயற்பியலில் வேர்கொண்டது.

தொடரை உருவாக்கியவர்கள் புரூஸ் டிம், எரிக் ராடோம்ஸ்கி என்னும் இரு ஓவியர்கள். பின்னணிகளைக் கருந்தாளில் தீட்டும் முறையைக் கொண்டுவந்தவர் ராடோம்ஸ்கி. பேட்மேன் உலவும் காதம் நகரை அவர்கள் தீட்டியவிதத்தில், அதன் உயர்மாடம் ஒன்றை அணுகிப் பாருங்கள். மஞ்சள் கட்டங்களாய் நான்கைந்து சாளரங்கள். கூரையோரம் ஒரு சாம்பல்நிறக் கீற்று. அதற்கும் மேலே செக்கர் வானம். சுவர் என்று எவரும் எதையும் வரையவில்லை. ஆயினும் அங்கே ஒரு மாளிகையின் முழுப் பருமனையும் நாம் காண்கிறோம்!

சுவரை எழுப்புவது நம் கண்ணும் மூளையும். கண், ஒளியின் அளவைவிட ஒளி மாறும் எல்லையையே கூர்ந்து நோக்கும் உறுப்பு. ஒளிபட்ட ஓர் உணர்செல் விழித்தெழும்போது அண்டைச் செல்களின் துடிப்பைச் சற்று அடக்கிவைக்கிறது. அதனால் விளிம்புகள் மிகுந்து தெரிகின்றன. குதிரைலாட நண்டின் கண்ணில் இதை ஆராய்ந்து நிறுவிய உடலியங்கியலர் ஹார்ட்லைன் 1967-ஆம் ஆண்டின் நோபல் பரிசைப் பகிர்ந்துகொண்டார். ஒரு கீற்றும் சில கட்டங்களும் கிடைத்தால் போதும், எஞ்சிய உருவை மூளை தானே நிரப்பிக்கொள்ளும்.

நிறத்தின் செய்தியும் இத்தகையதே. பாரிசின் கோபெலின் நெசவுக்கூடத்தில் சாயத்துறையை நடத்திய வேதியியலர் செவ்ரோலிடம், கருஞ்சாயம் வலுவற்றிருக்கிறது என்ற குறை வந்தது. அவர் ஆய்ந்தபோது சாயத்தில் பழுதில்லை. அருகிருந்த நூல்களின் நிறமே கருமையை மங்கச் செய்திருந்தது. 1839-இல் அவர் வெளியிட்ட நூல் இதை விரித்துரைத்தது. அயல்நிறத்தைப் பொறுத்தே ஒரு நிறம் தோன்றும் என்பதால்தான், வெண்தாளில் சோர்ந்து கிடக்கும் அதே மஞ்சள் காதத்தின் சாளரத்தில் விளக்காய் எரிகிறது.

இன்னொரு பொருத்தம் எனக்குப் பெருவியப்பைத் தருவது. அக்காலத்துக் குழாய்த் தொலைக்காட்சியில் மின்னணுக் கற்றை தாக்கிய இடம் ஒளிரும். தாக்காத இடமே கருமை. ஓவியர் தீட்டாது விட்ட தாள், கற்றை எழுப்பாது விட்ட திரை, ஒளித்துகள் வந்து சேராத விழித்திரை ஆகிய மூன்றும் ஒரே இன்மையின் தொடர்ச்சி. ஓவியனின் மேசையிலிருந்த இருள் பார்ப்பவன் கண்வரை மாறாமல் வந்தது என்றே சொல்லலாம்.

மாந்தர் வடிவங்களிலும் இதே சிக்கனம் உண்டு. டிம் வரைந்த உருவங்களில் மடிப்பும் சுருக்கமும் மிகக் குறைவு. சதுரத்தாடையும் சில நேர்கோடுகளுமே ஓர் ஆளைக் காட்டிவிடும். இயக்கப்பணி ஜப்பான், தென்கொரியா என வேறு நாடுகளின் கூடங்களில் நடந்தது. கோடு குறையக் குறைய, பல கைகளில் உருவம் சிதையும் வாய்ப்பும் குறையும் அன்றோ? முகம் நிழலில் மறையும் காட்சிகளைக் குரல்நடிகர் கெவின் கன்ராயின் குரல் தாங்கியது. முகமூடியில்லாத புரூஸ் வெய்னுக்கு ஒரு குரல், அவனே முகமூடியணிந்து பேட்மேன் ஆகும்போது அதனினும் தாழ்ந்த ஒரு குரல் என அவர் பிரித்துப் பேசினார்.

தொடரின் முகப்புக்காட்சியில் பேச்சே இல்லை. தொடரின் பெயர்கூட எழுதப்படவில்லை. வங்கி வெடிக்கிறது, கள்வர் இருவர் கூரைமேல் ஓடுகின்றனர், எதிரே கருவுருவம் ஒன்று எழுகிறது. அவ்வுருவில் நமக்குத் தரப்படுபவை இரண்டு வெண்ணிறக் கண்கள் மட்டுமே. அவை மெல்லக் குறுகுகின்றன. சண்டை ஓய்ந்தபின் மின்னல் வெட்ட, அதுவரை நம் மூளை வரைந்து வைத்திருந்த மனிதன் ஒரு நொடி உயர்கூரையில் துலங்குகிறான்.